கல்விக் கடன்: கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அண்ணன்களும் அக்காக்களும் தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு



பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட வீட்டுல இருந்து ஒரு போன் வரும். "நீதான் வேலையில இருக்க, பேங்க் லோன் பத்தி விசாரிச்சுச் சொல்லுப்பா." எங்க நரிக்குடி, திருச்சுழி பக்கத்துல இருந்து சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருனு வேலைக்குப் போன எல்லாருக்கும் இது பழக்கமான போன். வீட்டுல முதல் முதலா சம்பளச் சிலிப் வாங்கின ஆள் நீங்கதான். அதனால தம்பி, தங்கச்சி, சித்தப்பா பொண்ணு எல்லாருடைய படிப்புச் செலவும் உங்க வாட்ஸ்அப்புக்குத்தான் வரும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. உங்க சொந்தக் கல்விக் கடனுக்கே இஎம்ஐ இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கும். அதோட விதிகளே முழுசாத் தெரியாத நிலையில இன்னொரு கடனுக்கு ஆலோசனை சொல்லணும், சில சமயம் கையெழுத்தும் போடணும். அதனால இந்தக் கட்டுரையில இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்: புதுசா கடன் வாங்கும்போது என்ன பார்க்கணும், ஏற்கெனவே வாங்கின கடனை எப்படிக் கட்டணும்.

கடன் கொடுப்பது யார்?

யூடியூப்ல அமெரிக்க மாணவர் கடன் பத்தி நிறைய வீடியோ ஓடுது. அந்த நாட்டுல முறையே வேற. அங்கே மாணவர் ஒரே ஒரு மத்திய அரசு விண்ணப்பம் போடுவார். அதை வச்சே உதவித்தொகை, படிக்கும்போது செய்யுற பகுதிநேர வேலைக்கான உதவி, கடன் மூணையும் முடிவு பண்ணுவாங்க. அந்தக் கடனைக் கொடுப்பது மத்திய அரசே. வருமானத்துக்கு ஏத்த மாதிரி தவணையைக் குறைக்கிற திட்டங்களும் அங்கே உண்டு. அங்கேயும் மொத்தமா தள்ளுபடி பண்ணப் போட்ட பெரிய திட்டத்தை 2023 ஜூன்ல உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சிருச்சு.

நம்ம ஊர்ல அரசு நேரடியா கல்விக் கடன் கொடுக்கிறது இல்லை. கொடுப்பது வங்கி. இந்திய வங்கிகள் சங்கம் 2001ல ஒரு மாதிரித் திட்டம் போட்டுச்சு. அதைத்தான் திருத்தித் திருத்தி இன்னைக்கும் வங்கிகள் பின்பற்றுது. அரசு இதுல இரண்டு வேலை செய்யுது. ஒன்னு, கடன் வாராமல் போனால் வங்கிக்கு ஒரு பங்கு உத்தரவாதம். இன்னொன்னு, ஏழைக் குடும்பம்னா படிக்கிற காலத்து வட்டியைக் கட்டுறது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? "அரசாங்க லோன்தானே, கட்டலைன்னா என்ன"னு ஊர்ல சொல்வாங்க. அது அரசாங்க லோன் இல்லை. நகைக்கடன், பைக் லோன் மாதிரி இதுவும் வங்கிக் கடன். சிபில்ல ஏறும்.

முதல்ல திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தைத் தேடுங்க

கடன் வரிசையில கடைசியா நிக்கணும். அதுக்கு முன்னாடி தமிழ்நாட்டுல கேட்டு வாங்க வேண்டியது நிறைய இருக்கு.

1. 7.5 சதவீத ஒதுக்கீடு. 6ஆம் வகுப்புல இருந்து 12 வரை அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு 2020ல மருத்துவப் படிப்புலயும், 2021ல பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் மாதிரி தொழிற்படிப்புகள்லயும் இது வந்தது. இந்த ஒதுக்கீட்டுல சேர்ந்தா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏத்துக்குது. நரிக்குடி ஒன்றியத்துல அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு இந்த ஒதுக்கீட்டுல சீட் கிடைச்சா கடனே தேவைப்படாமல் போகலாம். இதை விசாரிக்காம பேங்க் வாசல்ல போய் நிக்கிறவங்க இன்னமும் இருக்காங்க.

2. முதல் பட்டதாரி சலுகை. கவுன்சிலிங் மூலமா தொழிற்படிப்புல சேர்ந்தா கல்விக் கட்டணத்துல சலுகை. ஆனா பெயர்லயே இருக்கு, குடும்பத்துல முதல் ஆளுக்கு மட்டும்தான். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரின்னா தம்பி தங்கச்சிக்குக் கிடைக்காது. உங்களுக்குக் கிடைச்ச சலுகையை மனசுல வச்சு "அவளுக்கும் ஃபீஸ் கம்மியாத்தான் வரும்"னு கணக்குப் போட்டா தப்பாயிடும்.

3. பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளுக்கும் தனி உதவித்தொகை இருக்கு.

4. அரசுப் பள்ளியில படிச்ச பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பர்ல தொடங்கின புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்ல தொடங்கின தமிழ்ப் புதல்வன். மாதம் ₹1,000 நேரா அவங்க வங்கிக் கணக்குக்கு வரும். நாலு வருஷத்துக்குக் கணக்குப் போட்டா ₹48,000. அந்த அளவுக்குக் கடன் குறையும்.

இதுக்கெல்லாம் அடிப்படை மூணு காகிதம்: வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சா விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம்னு சுத்தி வரும். ரிசல்ட் வந்தப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல போடுவாங்க. ஏப்ரல்லயே போட்டு வைங்க.

கடன்ல மூணு படி

மீதித் தேவைக்குத்தான் கடன். இதுல தொகையை வச்சு மூணு படி இருக்கு.

*4 லட்சம் வரை:* நம்ம கைப்பணம் எதுவும் போட வேண்டாம், சொத்து அடமானமும் வேண்டாம். 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியே 2010ல சொல்லியாச்சு.

*4 லட்சத்துக்கு மேல 7.5 லட்சம் வரை:* உள்நாட்டுப் படிப்புன்னா 5 சதவீதம், வெளிநாடுன்னா 15 சதவீதம் நாம போடணும். 2015ல வந்த மத்திய அரசின் கல்விக் கடன் உத்தரவாத நிதி திட்டத்துல கொடுக்கிற கடன்னா சொத்தும் வேண்டாம், மூணாவது ஆள் ஜாமீனும் வேண்டாம்.

*7.5 லட்சத்துக்கு மேல:* பொதுவா வீடு, மனை, வைப்பு நிதி மாதிரி அடமானம் கேட்பாங்க. நம்ம பக்கத்து மானாவாரிக் காட்டைப் பத்திரத்தோட கொண்டு போனா வங்கி பெருசா மதிக்காது. கண்மாய்ப் பாசனமே மழையை நம்பி இருக்கிற ஊர்ல நிலத்தோட விலையும் வித்துப் பணமாக்குற வேகமும் குறைவு. "ஏக்கர் கணக்கா நிலம் இருக்கு, லோன் கிடைச்சிடும்"னு நம்பி பெரிய ஃபீஸ் காலேஜ்ல அட்வான்ஸ் கட்டிடாதீங்க.

இதுக்கு மேல, 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இருக்கு. தேசியத் தரவரிசையில நல்ல இடத்துல இருக்கிற கல்லூரிகள், மத்திய அரசு நிறுவனங்கள்னு தொடக்கத்துல 860 நிறுவனங்கள் பட்டியல்ல வந்துச்சு. அங்கே தகுதி அடிப்படையில சேர்ந்தவங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாத கடன். பட்டியலை கவுன்சிலிங்ல காலேஜ் சாய்ஸ் போடுறதுக்கு முன்னாடியே பாருங்க. சேர்ந்தப்புறம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

"75 சதவீதம் அரசு உத்தரவாதம்"னு விளம்பரத்துல வருதே, அது என்ன? கடன் வாராமல் போனா, அந்த இழப்புல 75 சதவீதத்தை உத்தரவாத நிதி வங்கிக்குக் கொடுக்கும். உங்க கடன்ல ஒரு ரூபாய் கூடக் குறையாது. அந்தப் பாதுகாப்பு வங்கிக்கு, உங்களுக்கு இல்லை.

மாரட்டோரியம்: தவணைக்குத்தான் ஓய்வு, வட்டிக்கு இல்லை

படிப்புக் காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். இதைத்தான் மாரட்டோரியம்னு சொல்றாங்க. நிறைய பேர் இந்தக் காலத்துல வட்டியும் கிடையாதுன்னு நினைக்கிறாங்க. முதல் தவணைப் பணம் காலேஜுக்குப் போன நாள்ல இருந்தே வட்டி ஓடுது. அந்தக் காலத்துல தனி வட்டி. தவணை ஆரம்பிக்கும்போது சேர்ந்த வட்டி எல்லாம் அசலோட ஏறிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். வருஷத்துக்கு ₹1 லட்சம் வீதம் நாலு வருஷம், மொத்தம் ₹4 லட்சம். வட்டி 10 சதவீதம்னு வச்சுக்குவோம். மாரட்டோரியம் மொத்தம் 5 வருஷம்.

- முதல் வருஷம் வாங்கின லட்சத்துக்கு 5 வருஷ வட்டி: ₹50,000
- இரண்டாவது லட்சத்துக்கு 4 வருஷம்: ₹40,000
- மூணாவது லட்சத்துக்கு 3 வருஷம்: ₹30,000
- நாலாவது லட்சத்துக்கு 2 வருஷம்: ₹20,000

மொத்த வட்டி ₹1,40,000. தவணை ஆரம்பிக்கிற அன்னைக்குக் கடன் ₹4 லட்சம் இல்லை, ₹5,40,000.

இதை 10 வருஷத்துல கட்டினா இஎம்ஐ சுமார் ₹7,136. வட்டி ஏறாம வெறும் 4 லட்சமா இருந்திருந்தா இஎம்ஐ சுமார் ₹5,286. மாசம் ₹1,850 வித்தியாசம். 120 மாசத்துக்கு ₹2,22,000. ஏறினது 1.4 லட்சம், அதுக்காகக் கட்டுறது 2.22 லட்சம். வட்டிக்கு வட்டி வேலை செய்யுற விதம் இதுதான்.

இதைத் தடுக்க இரண்டு வழி இருக்கு.

*வழி ஒன்னு, வட்டி மானியம்.* பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துல தொழிற்படிப்பு அல்லது தொழில்நுட்பப் படிப்பு படிச்சா, மாரட்டோரியம் கால வட்டி முழுசையும் மத்திய அரசு கட்டும். 2009ல இருந்து இருக்கிற திட்டம். 2018க்கு அப்புறம் கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ, அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்கணும்னு கட்டுப்பாடு வந்தது. அதனால காலேஜ் சேரும்போதே "நாக் இருக்கா"ன்னு கேளுங்க. நம்ம கணக்குல அந்த ஒரு கேள்வியோட மதிப்பு ₹2,22,000.

வருமானம் 4.5 லட்சத்துக்கு மேல, 8 லட்சம் வரைன்னா, வித்யாலட்சுமி பட்டியல்ல உள்ள கல்லூரியில சேர்ந்தவங்களுக்கு 10 லட்சம் வரையான கடனுக்கு மாரட்டோரியம் காலத்துல 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. வேற அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்கக் கூடாது. வருஷத்துக்கு 1 லட்சம் மாணவர்களுக்குத்தான்.

முழு வட்டி மானியம் ஒருத்தருக்கு ஒரு தடவைதான், இளநிலைக்கோ முதுநிலைக்கோ. உடல்நலக் காரணம் இல்லாம படிப்பைப் பாதியில விட்டா கிடைக்காது. முக்கியமா, இது தானா வராது. வருமானச் சான்றை வங்கியில கொடுத்து, மானியத்துக்குப் பதிவு பண்ணியாச்சான்னு கேட்டு உறுதி பண்ணணும். வருஷம் ஒரு தடவை கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் எடுத்து மானியம் வரவு வந்திருக்கான்னு பாருங்க. அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது. இது நீங்க செய்ய வேண்டிய வேலை.

*வழி இரண்டு, மானியம் இல்லாதவங்களுக்கு.* படிக்கிற காலத்துலயே வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டிடுங்க. முதல் வருஷம் மாசம் ₹833, இரண்டாம் வருஷம் ₹1,667, நாலாம் வருஷம் ₹3,333. இப்படிக் கட்டினா அசல் 4 லட்சத்துலயே நிக்கும். படிப்புக் காலத்துல வட்டி கட்டினா 1 சதவீதம் வட்டிச் சலுகை கொடுக்க வங்கிகள் சங்கத் திட்டத்துல இடம் இருக்கு, கேட்டு வாங்குங்க. பெண் பிள்ளைகளுக்கு பல வங்கிகள் அரை சதவீதம் குறைக்குது. அதையும் கேளுங்க.

முழு மானியம் உள்ள வீட்டுல இரண்டாவது வழி வேண்டாம். அரசு கட்டுற வட்டியை நீங்க ஏன் கட்டணும்?

அந்தக் கையெழுத்தோட எடை

கல்விக் கடன்ல மாணவர் மட்டும் கடன்காரர் இல்லை. பெற்றோர் இணைக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும். இப்ப பல வீடுகள்ல என்ன நடக்குது? அப்பா கரிமூட்டம் போடுறார், இல்லைன்னா மிளகாய் வெள்ளாமை, வருமானத்துக்குக் காகிதம் இல்லை. "சம்பளக்காரப் பிள்ளை இருக்குல்ல, அவரைப் போடச் சொல்லுங்க"ன்னு சில இடத்துல கேட்பாங்க.

போடுறதும் போடாததும் உங்க முடிவு. ஆனா இந்த மூணும் தெரிஞ்சு போடுங்க.

ஒன்னு, இணைக் கடன்தாரர்னா பாதிக் கடன் இல்லை, முழுக் கடன். தங்கச்சி கட்டலைன்னா வங்கி உங்ககிட்ட முழுசும் கேட்கலாம்.

இரண்டு, அது உங்க சிபில்ல உங்க கடனாவே தெரியும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனா, சம்பளத்துல இந்த இஎம்ஐயையும் கழிச்சிட்டுத்தான் தகுதி பார்ப்பாங்க. மாசம் ₹7,136 இஎம்ஐ உங்க பேர்ல தெரிஞ்சா, வீட்டுக் கடன் தொகையில பல லட்சம் குறையலாம்.

மூணு, தம்பி தங்கச்சி கடனுக்கு நீங்க வட்டி கட்டினா வருமான வரிச் சலுகை கிடையாது. இதை வரிப் பகுதியில விளக்கமா சொல்றேன்.

அதனால என் கருத்து: 4 லட்சத்துக்குள்ள முடியுற கடன்னா அப்பா அல்லது அம்மாவையே இணைக் கடன்தாரரா வைக்கச் சொல்லிக் கேளுங்க. உதவி பண்ண ஆசைன்னா மாசாமாசம் தங்கச்சி கணக்குக்குப் பணம் அனுப்புங்க, கடன் அவ பேர்ல கட்டப்படட்டும். அவளுக்கு சிபில் நல்லா வளரும், உங்க வீட்டுக் கடனும் தப்பிக்கும்.

இன்னொரு விஷயம். கடனோட சேர்த்து ஒரே பிரீமியமா காப்பீடு போடச் சொல்வாங்க. அந்தப் பிரீமியத்தைக் கடன்லயே சேர்த்துட்டா அதுக்கும் வட்டி ஓடும். எவ்வளவுன்னு கேட்டு, தனியா டெர்ம் பாலிசி எடுத்தா எவ்வளவுன்னு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

வங்கி மறுத்தால்

"உங்க ஊர் எங்க ஏரியா இல்லை"ன்னு சொல்லி அனுப்பினா, அது செல்லாது. சேவைப் பகுதியைக் காரணம் காட்டி கல்விக் கடனை மறுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012லயே சொல்லியிருக்கு. சிபில் குறைவுங்கிறதை மட்டும் காரணமா வச்சு மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாதுன்னு 2023ல கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. அது எல்லா வங்கியும் கட்டாயம் கேட்டு நடக்கிற பொது விதி இல்லை, ஆனா மேல்முறையீட்டுக் கடிதத்துல எழுத உதவும்.

வாய்வழியா விண்ணப்பிக்காதீங்க. ஆன்லைன்ல வித்யாலட்சுமி தளத்துல போடுங்க. தேதியோட பதிவு இருக்கும். மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. வங்கிக்குப் புகார் எழுதி 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. விவரத்துக்கு 14448.

இந்தத் தாமதத்துல காலேஜ் ஃபீஸ் தேதி வந்திடும். அப்பத்தான் நூத்துக்கு மூணு வட்டிக்கு வாங்குவாங்க. நூத்துக்கு மூணுன்னா வருஷத்துக்கு 36 சதவீதம். ஒரு லட்சத்துக்கு வருஷம் ₹36,000. வங்கியில அதே லட்சத்துக்கு ₹10,000. அவசரத்துக்கு நகைக்கடன் இதைவிட எவ்வளவோ மேல். காலேஜ்ல வங்கிக் கடன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டி அவகாசமும் கேட்கலாம்.

இனி உங்க சொந்தக் கடன்: எத்தனை வருஷத்துல கட்டுறது?

அதே ₹5,40,000, அதே 10 சதவீதம். சுமாரான கணக்கு இது:

- 5 வருஷம்: இஎம்ஐ ₹11,473, மொத்தம் கட்டுவது ₹6.88 லட்சம்
- 7 வருஷம்: இஎம்ஐ ₹8,965, மொத்தம் ₹7.53 லட்சம்
- 10 வருஷம்: இஎம்ஐ ₹7,136, மொத்தம் ₹8.56 லட்சம்
- 15 வருஷம்: இஎம்ஐ ₹5,803, மொத்தம் ₹10.45 லட்சம்

10 வருஷத்துல இருந்து 15க்குப் போனா இஎம்ஐ ₹1,333தான் குறையுது. ஆனா கூடுதலா கட்டுறது சுமார் 1.88 லட்சம்.

வேலைக்குப் புதுசா சேர்ந்தவங்களுக்கு நான் சொல்றது: 10 வருஷ இஎம்ஐயா வச்சுக்கங்க, முடியும்போதெல்லாம் கூடுதலா கட்டுங்க. மாறும் வட்டியில உள்ள தனிநபர் கடனை முன்கூட்டியே கட்டினா வங்கி அபராதம் போட முடியாது. மாசம் ₹2,000 சேர்த்து ₹9,136 கட்டினா 120 மாசக் கடன் சுமார் 82 மாசத்துல முடியும். மூணு வருஷம் முன்னாடியே விடுதலை, வட்டியில சுமார் ₹1.1 லட்சம் மிச்சம். கூடுதல் பணம் அனுப்பும்போது "அசல்ல வரவு வைங்க, தவணைக் காலத்தைக் குறைங்க"ன்னு எழுத்துல கொடுங்க.

ஆனா வரிசை முக்கியம்:

1. மூணு மாசச் செலவுக்கான பணம் தனியா சேமிப்புக் கணக்குல இருக்கணும்.
2. கிரெடிட் கார்டு பாக்கி, லோன் ஆப் கடன், ஊர்ல வாங்கின வட்டிப் பணம் இதெல்லாம் முதல்ல முடியணும். கார்டு பாக்கிக்கு வருஷத்துக்கு 36, 40 சதவீதம்னு போகும்.
3. அதுக்கப்புறம் கல்விக் கடனை வேகமா கட்டலாம்.

கல்விக் கடனுக்கு 10 சதவீதம் கட்டிக்கிட்டே, 7 சதவீதம் தர்ற ஆர்டி போடுறதுல லாபம் இல்லை. அவசர நிதி சேர்ந்ததும் அந்த ஆர்டி பணத்தைக் கடனுக்குத் திருப்புங்க.

80இ: ஊதிப் பெருசாக்கின சலுகை

"கல்விக் கடனை சீக்கிரம் அடைக்காத, 80இ போயிடும்"னு ஆபீஸ்ல யாராவது சொல்லியிருப்பாங்க. விதி இதுதான்: கல்விக் கடனுக்குக் கட்டின வட்டி முழுசையும் வருமானத்துல கழிக்கலாம், உச்சவரம்பு இல்லை. அசலுக்குக் கிடையாது. வட்டி கட்ட ஆரம்பிச்ச வருஷத்தையும் சேர்த்து 8 வருஷம் மட்டும். தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி தான் பாதுகாவலரா இருக்கிற மாணவருக்கு வாங்கின கடனுக்குத்தான். உடன்பிறந்தவங்க இந்தப் பட்டியல்ல இல்லை. தங்கச்சி கடன்ல சலுகை இல்லைன்னு சொன்னது இதனாலதான்.

அடுத்தது முக்கியம். இந்தச் சலுகை பழைய வரி முறையில மட்டும். புதிய முறையில கிடையாது. 2025-26 நிதியாண்டுல இருந்து புதிய முறையில சம்பளக்காரங்களுக்கு ₹12.75 லட்சம் வரை வரியே இல்லை. உங்க சம்பளம் வருஷம் 6 லட்சமா? 9 லட்சமா? வரியே பூஜ்யம். பூஜ்யத்துல இருந்து எதைக் கழிப்பீங்க?

சம்பளம் 15 லட்சம்னு வச்சுப் பார்ப்போம். புதிய முறையில வரி, செஸ் சேர்த்து ₹97,500. பழைய முறையில 80சி ஒன்றரை லட்சமும் 80இ வட்டி ஐம்பதாயிரமும் கழிச்ச பிறகும் ₹1,95,000. வீட்டு வாடகைச் சலுகை, வீட்டுக் கடன் வட்டின்னு வேற பெரிய கழிவுகள் இல்லாதவங்களுக்கு 80இக்காக மட்டும் பழைய முறைக்குப் போறது நஷ்டம்.

2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வருது, பிரிவு எண்கள் மாறும். எண் மாறினாலும் கேள்வி அதேதான்: எந்த முறையில இருக்கீங்க, வரி வருதா? வராதுன்னா கடனை இழுக்காதீங்க.

வேலை போனால், தவணை தவறினால்

90 நாள் தவணை பாக்கியா நின்னா கணக்கு வாராக்கடன் ஆயிடும். அதுக்கு முன்னாடி போய்ப் பேசுறதுக்கும், அப்புறம் பேசுறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வங்கிகள் சங்கத்தோட 2015 திருத்தத்துலயே இதுக்கு வழி இருக்கு. வேலை இல்லாத காலம், சம்பளம் போதாத காலம் இதையெல்லாம் பார்த்து, கடன் காலத்துல இரண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் 6 மாசத்துக்கு மிகாம தவணையை நிறுத்தி வைக்கலாம். ஆரம்ப வருஷங்கள்ல குறைவாவும் பின்னாடி அதிகமாவும் தவணை வைக்கிற முறையும் உண்டு. யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க. வேலை போன கடிதத்தோட நீங்களே எழுதிக் கொடுக்கணும். இந்த நாட்கள்லயும் வட்டி ஓடும்ங்கிறதை மறக்காதீங்க.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாடியும் மாலை 7 மணிக்குப் பின்னாடியும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது. மீறினா தேதி, நேரம், நம்பர் எல்லாம் குறிச்சு வச்சுப் புகார் கொடுங்க. கடன் வச்சிருக்கிறது குற்றம் இல்லை. ஊர்ல அப்பா தலைகுனியுற மாதிரி யாரும் நடத்த அனுமதி இல்லை.

கடைசியா தள்ளுபடி. ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தப் பேச்சு வரும். வந்தா சந்தோஷம். ஆனா அதை நம்பித் தவணையை நிறுத்தினா, 5.4 லட்சம் கடனுக்கு வருஷம் ₹54,000 வட்டி ஏறும், சிபில் விழும், இணைக் கடன்தாரரான அப்பாவுக்கு அடுத்த பயிர்க்கடன் வாங்கும்போது சிக்கல் வரும். கொஞ்சம் குறைச்சுக் கட்டி முடிக்கிற செட்டில்மென்ட்டுக்கும் விலை இருக்கு. சிபில்ல "முடிக்கப்பட்டது"ன்னு வராம "சமரசம்"னு வரும், வீட்டுக் கடன்காரங்க அதைப் பார்ப்பாங்க. முழுசா கட்டி, நிலுவை இல்லாச் சான்று வாங்கி, அடுத்த இரண்டு மாசத்துல சிபில்ல பாருங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

- உங்க கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் எடுங்க. அசல், வட்டி விகிதம், மானியம் வரவு மூணையும் பாருங்க.
- வட்டி மானியம் வர வேண்டியது வரலைன்னா வங்கிக்கு எழுத்துல கேளுங்க.
- வீட்டுல பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தா வருமானச் சான்றுக்கு இப்பவே விண்ணப்பிக்கச் சொல்லுங்க.
- காலேஜ் பட்டியல்ல ஒவ்வொன்னுக்கும் எதிரே நாக், என்.பி.ஏ., வித்யாலட்சுமினு மூணு கட்டம் போட்டு டிக் அடிங்க.

நம்ம பக்கத்துல ஒரு தலைமுறை வயித்துப்பாட்டுக்காக வெளியூர் போச்சு, அடுத்த தலைமுறை படிப்பை வச்சு வெளியூர் போகுது. கல்விக் கடன் அதுக்கு நல்ல கருவி, கணக்குத் தெரிஞ்சு வாங்கினா. அடுத்த தடவை வீட்டுல இருந்து போன் வந்தா "எவ்வளவு லோன் கிடைக்கும்"னு தேடுறதுக்கு முன்னாடி, "எவ்வளவு லோன் தேவை இல்லாம பண்ணலாம்"னு கேளுங்க. இஎம்ஐ கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு சேனல்ல வீடியோவா செஞ்சு காட்டுறேன், உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.